காவலுக்கு உட்கார்ந்தவள்

"லாரி!"

யார் கத்தினார்கள் என்று தெரியவில்லை. அந்தக் கடைவீதியில் அதைத் தெரிந்துகொள்ள யாரும் நிற்பதுமில்லை. நகராட்சி லாரி முனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே நடைபாதை முழுக்கக் கைகள் பரபரக்கும். விரித்த துணியின் நாலு முனையும் ஒன்றுசேர்ந்து மூட்டையாகிவிடும். தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் உதைபட்டு உருளும்.

சீப்புக்காரிக்கு அன்று ஓட வழியில்லை. அவளுடைய சொந்தக் கடை ஒரு மடக்குப் பலகை. சீப்பு, ஊக்கு, கிளிப், கைக்கண்ணாடி எல்லாவற்றையும் அப்படியே மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்துக்குள் மறைந்துவிடலாம். ஆனால் அன்று காலையிலிருந்து அவள் உட்கார்ந்திருந்தது பக்கத்துப் பழவண்டியில். பழக்காரம்மாவின் கணவருக்குக் கண் ஆபரேஷன். "ஒரு நாள் பாத்துக்கடி, நாளைக்கு வந்துடறேன்" என்று வண்டியை இவளிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள் அந்த அம்மாள். தன் பலகையைப் போர்வையால் மூடிவிட்டு, காலையில் வந்த முதல் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தபோது, எதிர்வரிசையில் பூட்டு ரிப்பேர் செய்யும் சாவி அண்ணன் சும்மா இருக்கவில்லை.

"சீப்புக்காரி சீப்பு விக்குறா. இதுல என்ன புதுசு?" என்றார்.

"உங்க வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சுக்கங்கண்ணே" என்றாள் அவள்.

"செஞ்சேன். சாவி உங்க அண்ணிகிட்ட இருக்கு."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த தெருதான் இப்போது பதறியது. ஆனால் லாரியிலிருந்து இறங்கியவர்கள் வழக்கம்போல் மூட்டைகளைப் பிடுங்கவில்லை. ஒருவர் கையில் டேப்லெட். ஒருவர் கையில் வெள்ளை பெயின்ட் டப்பா. லாரியில் இருந்ததும் தடுப்புக் கம்பிகளும் கயிறும்தான்.

"ஓடாதீங்க, ஓடாதீங்க! கணக்கெடுப்பு!" என்று ஒருவர் கத்தினார். யார் காதில் விழும்? லாரி அதே லாரி. நீலச் சட்டை அதே நீலச் சட்டை.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் இல்லாத நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்தில் காவலுக்கு உட்கார வேண்டும். அதிகாரி யார் வந்து கேட்டாலும், "இது என்னோடது" என்று சொல்லிவிட வேண்டும். "கடைக்காரர் வெளியே போயிருக்கார்" என்று வாய் தவறிச் சொன்னால் தீர்ந்தது. ஆளில்லாத கடை என்று அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் நகராட்சிக் கிடங்கில் போய் நின்றால், பழம் அழுகியிருக்கும், வண்டியின் சக்கரம் காணாமல் போயிருக்கும். இந்த ஒரு பொய் அங்கே ஒவ்வொருவரையும் எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. அதைப் பொய் என்றுகூட யாரும் நினைப்பதில்லை.

டேப்லெட்காரர் பழவண்டியின் முன்னால் வந்து நின்றார்.

"யாரும்மா இந்தக் கடைக்கு?"

"என்னோடதுதான் சார்." யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்தது.

"ரொம்ப வருஷமா இருக்கீங்களா?"

"ஆமாங்க சார். கல்யாணம் ஆன நாள்லேருந்து."

"நேரா பாருங்க."

படம் எடுத்தார். கட்டைவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். பெயின்ட்காரர் குனிந்து, சக்கரத்துக்கு முன்னால் சதுரமாகக் கோடு போட்டு அதில் ஒரு எண்ணை எழுதினார். அடுத்த அடி, போர்வை போர்த்திய பலகை.

"இது யாருது?"

அந்தப் பக்கம் இருந்த சாக்ஸ்காரி தன் கடமையைச் செய்தாள். "என்னோடதுங்க!"

"உன் கடைதான் அங்க இருக்கே! ஒருத்தருக்கு ஒரு இடம்தான்மா." டேப்லெட்டில் எதையோ தட்டினார். "ஆளில்லை" என்று தன் ஆளிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாக்ஸ்காரி அந்தப் பலகையைக் கைநீட்டிக் காட்டியபோதுதான் சீப்புக்காரிக்கு நடந்தது உறைத்தது. இது பறிமுதல் இல்லை. மாதக்கணக்காக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த கணக்கெடுப்பு. வெளியாட்கள் வந்து கடை போட்டுவிடுவார்கள் என்று, எந்த நாள் என்பதை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். இதில் பதிவானவர்களுக்குத்தான் அட்டை. அட்டை இருந்தால் இனிமேல் லாரி தொடாது. அட்டை இல்லாதவர்களை அடுத்த மாதம் அப்புறப்படுத்திவிடுவார்கள்.

பழத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். "சார், சார்! அது என் கடை இல்லை சார்! பக்கத்துலதான் என் கடை!"

டேப்லெட்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "இப்பத்தானம்மா கல்யாணம் ஆன நாள்லேருந்துன்னு சொன்ன?"

"அது... வாயில வந்துடுச்சு சார்."

"ஏத்தினது ஏத்தினதுதான். ஆபீசுக்கு வந்து சொல்லு."

லாரி போய்விட்டது. தெருவில் வெள்ளைச் சதுரங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

மறுநாள் பழக்காரம்மா வந்தாள். கணவரின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மகிழ்ச்சியில், தூரத்திலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அவள் வாய் அப்படி. சந்தோஷமோ கோபமோ, வீதிக்கே கேட்கும். "ஏய் சீப்பு! உங்க மாமா கட்டைப் பிரிச்சதும் முதல்ல என்னையப் பாத்துட்டு மறுபடியும் கட்டச் சொல்லிட்டாருடி!"

சீப்புக்காரி சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். ஒளிக்காமல், ஒரு மூச்சில்.

பழக்காரம்மா சதுரத்தைப் பார்த்தாள். எண்ணைப் பார்த்தாள். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இந்த இடம் இப்ப உன்னுது?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. ஆபீசுல போய்ச் சொல்லி மாத்திடறேன்."

"நிழல் விழற முனை. பஸ்ஸை விட்டு இறங்குறவன் முதல்ல பாக்குற இடம். உன் பலகை மேல பாதி நாள் வெயில்தான் விழும். தெரியாமதான் சொன்னியா?"

"அக்கா!"

"கேக்குறேன்டி. கேக்கக் கூடாதா? அவர் ஒத்தைக் கண்ணோட படுத்திருக்காரு. இனி மூட்டை தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. இந்த வண்டியை விட்டா எங்களுக்கு வேற என்ன இருக்கு?"

"மாத்த முடியலைன்னா, ரெண்டு பேரும் இதுலயே பாதிப் பாதி..."

"என் இடத்துல எனக்கே நீ பாதி போடறியா?" பழக்காரம்மாவின் குரல் உடைந்தது. வீதி திரும்பிப் பார்த்தது. அன்று முழுக்க இருவருக்கும் நடுவில் ஒரு சொல்கூட இல்லை. காலையில் வந்ததும் எடை போடும் முன் ஒரு பழத்தை உரித்து இவள் பக்கம் நீட்டுவது அந்த அம்மாளின் வழக்கம். அதுவும் நின்றுபோனது.

வீட்டில் சீப்புக்காரியின் கணவர் வேறு கணக்குப் போட்டார். சரக்குக் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் ஆள் அவர். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே சொன்னார்.

"நீ திருடலை. பொய்க் கையெழுத்து போடலை. அவங்களா வந்தாங்க, அவங்களா படம் எடுத்தாங்க. வாசல் தேடி வந்ததை ஏன் தள்ளிவிடறே?"

"அந்த அக்கா எங்க போவாங்க?"

"நீ மாத்தச் சொல்லி, அவங்க மாத்திட்டா, நீ எங்க போவே? உன் பலகைக்கு ஆளில்லைன்னு எழுதிட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

அவள் தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடித்து, தட்டிலேயே கைகழுவி, மெதுவாகச் சொன்னார்: "நான் கெட்டவன் இல்லை. பயமா இருக்கு. அவ்வளவுதான்."

நகராட்சி அலுவலகத்தில் தெருவியாபாரிகள் பிரிவுக்குத் தனி அறை. அதற்குப் பொறுப்பாக ஒரு பெண் அதிகாரி. எல்லாருக்கும் அவர் 'மேடம்'தான். சீப்புக்காரி தனியாகத்தான் போயிருந்தாள். அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மேடம் தன் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டார். சீப்புக்காரிக்கு அது பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க லாரியைப் பாத்துதான் பொய் சொன்னீங்க. இல்லையா?"

"ஆமாங்க மேடம்."

"லாரியை அனுப்பாதீங்க, ஆட்டோவுல போங்கன்னு சொன்னேன். தடுப்புக் கம்பி கொண்டுபோகணும்னு அனுப்பிட்டாங்க." தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல் இருந்தது. பிறகு நிமிர்ந்தார். "இப்ப கவனமாக் கேளுங்க. கணக்கெடுப்பு முடிஞ்சுபோச்சு. பெயரை நானே மாத்த முடியாது. வியாபாரக் குழு கூடும். அங்க சொல்லித்தான் மாத்தணும். ரெண்டு விதமாச் சொல்லலாம். 'எங்க தெருவுல இது பழக்கம், எல்லாரும் இப்படித்தான் சொல்லுவோம்'னு நீங்க சொன்னா, அது உண்மை. ஆனா அப்புறம் அந்தத் தெருவுல எடுத்த ஒவ்வொரு படமும் சந்தேகத்துக்கு வரும்."

"அப்ப மறுபடி எடுப்பீங்களா?"

"எடுக்க நான் தயார். எடுக்க விடமாட்டாங்க. கட்டடத்துல கடை வச்சிருக்கிற கடைக்காரர் சங்கம் ஆரம்பத்திலேருந்தே இந்தக் கணக்கெடுப்பை எதிர்க்குது. நடைபாதையைக் காலி பண்ணினாப் போதும்ங்கிறாங்க. ஒரு பிடி கிடைச்சா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. கோர்ட்டுல எத்தனை வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் யாருக்கும் அட்டை கிடையாது. லாரி பழையபடி வரும். நான் தடுக்க முடியாது."

சீப்புக்காரி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"இன்னொரு விதம்?"

மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீங்க ஒருத்தர் மட்டும் வேணும்னே பொய் சொல்லி இடம் பிடிச்சீங்கன்னு ஆனா, உங்க பதிவு மட்டும் ரத்தாகும். இடம் பழைய ஆளுக்குப் போகும். ஆனா, பொய்ப்பதிவு பண்ணினவங்களுக்கு அந்தத் தெருவுல நிரந்தர இடம் கிடையாது. விதி அது. நான் அதைச் சொல்லச் சொல்லலை. நல்லாப் புரிஞ்சுக்கங்க. நீங்க கேட்டீங்க, இருக்கிறதைச் சொன்னேன்."

அன்று மாலை சாவி அண்ணன் தன் பெட்டியை விட்டு எழுந்து அவள் பலகை அருகே வந்து குந்தினார். முகத்தில் கேலியில்லை.

"தங்கச்சி, குழு முன்னாடி போகப்போறியாமே?"

"போகாம எப்படிண்ணே?"

"போ. ஆனா இந்தக் காவலுக்கு உட்காருற கதையை அங்க அவுத்துவிட்டுடாதே." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு லாரி வந்தப்ப நான் ஒரு வீட்டுப் பூட்டைத் திறக்கப் போயிருந்தேன். என் பெட்டி முன்னாடி மச்சான் உக்காந்திருந்தான். அவன் பெல்ட் கடையில உங்க அண்ணி. என் இடம் அவன் பேருல, அவன் இடம் உங்க அண்ணி பேருல. ஒரே வீடுங்கிறதால உதவியாளுன்னு சொல்லி ஓட்டிக்கிறோம். இதே மாதிரி இந்த வரிசையில எத்தனை வீடு தெரியுமா? தெருவே ஒரு இடம் தள்ளி உக்காந்திருக்கு."

"எனக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே வீடு இல்லையே. அதானே என் பாவம்?"

சாவி அண்ணன் தரையைப் பார்த்தார். "உனக்கு நியாயம் கிடைக்கக் கூடாதுன்னு சொல்லலை. நீ வாயைத் திறந்தா அத்தனை பேரும் போயிடுவோம். அதைத்தான் சொல்றேன். அப்புறம் உன் இஷ்டம்."

"அந்த அக்காவுக்காக யாராவது வந்து பேசுவீங்களா?"

"முனை அவங்களோடதுன்னு நான் வந்து சொல்றேன். எல்லாரும் சொல்லுவோம். நீ எப்படி அங்க வந்தேங்கிறதை மட்டும்..." சொல்லி முடிக்காமல் எழுந்து போய்விட்டார். போகும்போது ஒரு கைக்கண்ணாடியின் முகம் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்ததை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு அப்போது கோபம்தான் வந்தது. எல்லாருக்கும் அவள் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். சாக்ஸ்காரிக்குப் பிள்ளை பிறந்தபோது அந்தக் கடையை இவள்தான் ஓட்டினாள். சாவி அண்ணனின் பெட்டியை லாரியிலிருந்து பிடித்து இழுத்து, தோள் பிசகி, வெகுநாள் கையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். இன்றைக்கு ஒருவரும் இவளுக்குக் காவல் இல்லை. அதே நேரம், இந்தத் தெருவில் லாரி இனி தொடாது என்று ஆன பிறகு சாக்ஸ்காரி தன் குழந்தையைத் துணியில் கிடத்தித் தூங்க வைக்கத் தொடங்கியிருந்ததும் அவள் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயம்.

குழு கூடிய நாளில் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. நீள மேஜையின் நடுவில் மேடம். அவருக்குப் பக்கத்தில் கடைக்காரர் சங்கத்தின் சார்பில் துணிக்கடை முதலாளி. வெள்ளை வேட்டியோ சட்டையோ கசங்காத மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அவர் கடையின் படிக்கட்டுக்குக் கீழேதான் சாவி அண்ணனின் மச்சானுடைய பெல்ட் கடை.

முதலில் பழக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். முனை தனக்கு எப்படி வந்தது, மாமியார் எப்படிக் கூடையோடு அங்கே உட்கார்ந்தாள் என்று அவள் சொன்னாள். பதற்றத்தில் அவள் குரல்கூடச் சின்னதாகிவிட்டிருந்தது. சாவி அண்ணனும் சாக்ஸ்காரியும் எழுந்து ஆமோதித்தார்கள். பிறகு பழக்காரம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சீப்புக்காரியைக் கூப்பிட்டார்கள்.

"அந்த முனை யாரோடது?" என்றார் மேடம்.

"அந்த அக்காவோடதுங்க."

"அப்புறம் ஏன் உங்களோடதுன்னு சொன்னீங்க?"

அவள் வாயைத் திறக்கும் முன்பே துணிக்கடை முதலாளி கையைத் தூக்கினார். மிகவும் அன்பாகத்தான் கேட்டார்.

"பயப்படாதேம்மா. உன் மேல தப்பு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலை. உங்க தெருவுல ஒருத்தருக்காக இன்னொருத்தர் உக்காருறதை நானே கடைவாசல்லேருந்து பாத்திருக்கேன். அன்னைக்கும் அப்படி உக்காந்தியா? உன்னை மாதிரி வேற யார் யார் உக்காந்தாங்க? சொல்லிடு. உன் இடம் உனக்கே கிடைக்க நானும் பேசறேன்."

அறையில் பின்வரிசை நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. சாவி அண்ணன்தான். எழுந்தாரா, உட்கார்ந்தாரா தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் முகத்தில் இருப்பது தன் வாயில் வந்துவிடும் என்று பட்டது.

ஆமாம் என்றால் போதும். பொய்க்காரி என்ற பெயர் வராது. முதலாளியே பரிந்து பேசுவார். கணவரின் பயமும் தீரும். மேடம் தன் பேனாவை மூடி, மறுபடி திறந்தார். அவள் பக்கம் பார்க்காமல் இருக்க அவர் மிகவும் முயற்சி செய்வது தெரிந்தது.

"யாருக்காகவும் உக்காரலைங்க" என்றாள் சீப்புக்காரி. "வண்டியைப் பாத்துக்கன்னு அந்த அக்கா சொன்னது நெசம். கடை என்னோடதுன்னு சொல்லச் சொல்லலை. கணக்கெடுப்புன்னு தெரிஞ்சுது. அக்கா இல்லை. முனை நல்ல இடம். எனக்கு ஆசை வந்துடுச்சு. சொல்லிட்டேன்."

"சொன்ன உடனே ஓடிவந்து மாத்தச் சொன்னியாமே?" என்றார் முதலாளி.

"பயம் வந்துடுச்சுங்க."

"வேற யாரும் இப்படிச் செய்யலையா?"

"மத்தவங்க எல்லாம் அவங்கவங்க இடத்துலதான் இருந்தாங்க. நான் மட்டும்தாங்க."

துணிக்கடை முதலாளி அவளை நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மேடம் முடிவைப் படித்தார். முனை இடம் பழக்காரம்மாவுக்கு. பொய்ப்பதிவு ரத்து. அந்தத் தெருவில் நிரந்தர இடம் கிடையாது. நடந்து விற்பவர்களுக்கான உரிமம் வேண்டுமானால் விண்ணப்பித்துக்கொள்ளலாம். "உரிமம் வேண்டுமானால்" என்ற இடத்தில் அவருடைய குரல் சற்றுத் தடுக்கியது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தார்.

வராந்தாவில் பழக்காரம்மா சுவரோரம் நின்றிருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே பேசியது அவ்வளவும் கேட்டிருக்கும்.

"இந்தா, நில்லு."

நின்றாள்.

"உள்ள சொன்னது நெசமா?"

சீப்புக்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கெஞ்சியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றது. சொன்னால் என்ன ஆகும்? இந்த அம்மாளால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த நொடியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவாள். "எங்க சீப்பு பொய் சொல்றாய்யா! நாங்க எல்லாருமே ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான் சொல்லுவோம்!" என்று மேஜையைத் தட்டுவாள். துணிக்கடை முதலாளி இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

"நெசம்தாங்கக்கா" என்றாள்.

பழக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்திருந்த சீப்புக்காரிக்கு அதைத் தாங்கத் தெம்பு இருந்தது. இந்த மௌனத்துக்கு அவள் தயாராக வந்திருக்கவில்லை.

"உன்னையப் போய் என் கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழக்காரம்மா படியிறங்கிப் போனாள்.

பின்னாலேயே சாவி அண்ணன் வந்தார். அவர் உதடு அசைந்தது. எப்போதும் எதையாவது கொளுத்திப் போடும் அந்த வாயில் ஒன்றும் வரவில்லை. சீப்புக்காரி அவரைப் பார்த்துத் தலையை மட்டும் மெல்ல ஆட்டினாள். அந்த அக்காவிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். அவருக்குப் புரிந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட கணவர் திட்டவில்லை. பலகையின் கீல்களைக் கழற்றி, ஒரு பாதியை மட்டும் எடுத்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு வார் மாட்டினார். அவள் கழுத்தில் மாட்டிப் பார்த்து, வாரை ஒரு துளை இறக்கினார். "தோளு வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். அந்தத் தோள் முன்பு பிசகிய தோள் என்பது அவருக்கு நினைவிருந்தது. வாரை மறுபக்கம் மாற்றிக் கட்டினார்.

உரிமம் வந்த பிறகு முதல் முறையாக அவள் அந்தக் கடைவீதிக்குள் நடந்தாள். நின்றால் அபராதம். கேட்பவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவளுடைய பழைய இடத்தில் நகராட்சிக்காரர்கள் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள். சாக்ஸ்காரி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. எதிர்வரிசையில் சாவி அண்ணன் தலையைத் தூக்காமல் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார்.

முனையில் ஒரு பெண் பழம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பக்கத்துல சீப்பு விப்பாங்களே ஒரு அம்மா, அவங்க எங்கங்க?"

"எனக்குத் தெரியாது" என்றாள் பழக்காரம்மா. தராசைப் பார்த்தபடியே சொன்னாள்.

சீப்புக்காரி பழக்காரம்மாவுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

உட்கார்ந்து விற்பவர்கள் கூவ வேண்டியதில்லை. பலகை கூப்பிடும், கண்ணாடி பளபளத்துக் கூப்பிடும், வேண்டியவர்கள் வந்து குனிவார்கள். நடந்து விற்பவளுக்கு வாய்தான் கடை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவள் இந்தத் தெருவில் கூவியதில்லை. காலையிலிருந்து இரண்டு தெருக்களைச் சுற்றிவிட்டாள். வாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தாள். கூச்சம்.

பழம் வாங்கிய பெண் பையைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கத் தயாரானாள்.

"சீப்பு..." என்றாள் சீப்புக்காரி. காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சீப்பு, ஊக்கு, கண்ணாடி!"

அவளுக்கே யாரோ கூவுவது போல் இருந்தது. அராவும் சத்தம் நின்றது. பழக்காரம்மாவின் கை தராசின் மேலேயே தங்கியது. அவள் திரும்பவில்லை.

பழம் வாங்கிய பெண் திரும்பினாள். "அட, இதோ இருக்கீங்களே! பேன் சீப்பு இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள் அவள். "நடந்துகிட்டே பாருங்க. இங்க நிக்கக் கூடாது."

இருவரும் முனையைத் தாண்டி நடந்தார்கள்.